கொன்றவளைப் பிடித்துக் கொடுக்க மாட்டேன்

அவளை நான் ஏன் தப்பவிட்டேன்?

இந்தக் கேள்வியைக் கேட்காதவர்கள் இல்லை. கணவர் கேட்டார். முகம் தெரியாத வாசகர்கள் செல்போனில் கேட்டார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் வாசகர் வட்டத்தில் ஒருவர் எழுந்து, மைக்கை வாங்கிக் கேட்டார். ஆளுக்கொரு பதில் சொல்லிவைத்தேன். கதை அப்படி அமைந்துவிட்டது என்றேன். நிஜத்தில் எல்லாக் குற்றவாளிகளும் பிடிபடுகிறார்களா என்று திருப்பிக் கேட்டேன். அடுத்த பாகம் எழுதப்போகிறேன் என்று ஒருவரிடம் பொய்கூடச் சொன்னேன். உண்மையான பதில் இன்றுவரை எனக்கே தெரியவில்லை.

அவள் என் முதல் நாவலின் கதாநாயகி. கைக்குழந்தைக்காரி. மாமனாரைக் கொன்றுவிட்டு, கடைசிப் பக்கத்தில் ஒரு இடுப்பில் பிள்ளையும் மறு இடுப்பில் தண்ணீர்க் குடமுமாக வீட்டுக்குள் போய்விடுகிறாள். போலீஸ் பிடிக்கவில்லை. கடவுளும் ஒன்றும் செய்யவில்லை. பலருக்கு அதுதான் பொறுக்கவில்லை.

நான் துணிச்சல்காரி இல்லை. கேஸை அணைத்தேனா என்று படுத்த பிறகு எழுந்துபோய்ப் பார்க்கிறவள். பிள்ளைக்குச் சளி பிடித்தால், முந்தின நாள் கொடுத்த வாழைப்பழத்தில் தொடங்கி நான் செய்த ஒவ்வொன்றையும் சந்தேகப்படுவேன். எம்.எஸ்சி. முடித்து ஒரு பள்ளிக்கூடத்தில் வேதியியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். பிள்ளை உண்டானதும் நின்றுவிட்டேன். கணவர் வீடு ராஜபாளையத்தில். அவர் ஒரு நூற்பாலையில் எலக்ட்ரிக்கல் சூப்பர்வைசர். மாமனார் என் கல்யாணத்துக்கு முன்பே காலமாகிவிட்டார். கதையில் செத்தவர் யார் என்று ஊரே தேடியபோது, அந்த ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கு நிம்மதியாக இருந்தது.

எழுதியதெல்லாம் மதிய நேரத்தில்தான். சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவியதும் அத்தை, அதாவது என் மாமியார், பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, "போ, செத்த நேரம் கட்டையச் சாய்" என்பார். நான் கட்டிலில் சாய்ந்தபடி செல்போனில் எழுதுவேன். கதை படிக்கிற ஆப் ஒன்றில் வாரம் ஓர் அத்தியாயம் போட்டேன். நான் தூங்குகிறேன் என்று அத்தை நினைத்தார். எழுதுகிறேன் என்று தெரிந்த பிறகும், ஏதோ குடும்பக் கதை என்றுதான் நினைத்தார். ஒருவகையில் குடும்பக் கதைதான்.

எங்கள் தெருவைப் போலவே, எட்டு நாளைக்கோ பத்து நாளைக்கோ ஒருமுறை குழாயில் தண்ணீர் வருகிற ஒரு தெருவில் கதை நடக்கிறது. தண்ணீர் வருகிற அன்று யாரும் வெளியூர் போக மாட்டார்கள். கல்யாண வீடு இருந்தாலும் பாதிப் பேர் தண்ணீர் பிடித்து முடித்துவிட்டுத்தான் போவார்கள். எல்லா வாசலிலும் பெண்கள், குடங்கள், ஹோஸ், பக்கத்தில் பேசினாலும் கேட்காத மோட்டார் இரைச்சல். அப்படி ஒரு நாளில், அத்தனை பேர் வாசலில் நிற்கும்போது, ஒரு வீட்டுப் பெரியவர் மோட்டாரில் ஷாக் அடித்துச் செத்துப்போகிறார். விபத்து என்று தெரு நம்புகிறது. விபத்து இல்லை. அவருடைய மூத்த மகளுக்குப் பிள்ளை கிடையாது. மருமகளின் கைக்குழந்தையை அந்த மகளுக்குக் கொடுத்துவிடுவது என்று அவர் முடிவு செய்திருந்தார். மருமகளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. விசாரணைக்கு வருகிற பெண் சப்-இன்ஸ்பெக்டருக்குச் சந்தேகம் வருகிறது. தெருமுனைவரை போய்த் திரும்பிப் பார்க்கிறார். பிறகு ஜீப்பில் ஏறிவிடுகிறார்.

ஆப்பில் கருத்துகள் வந்து விழுந்தன. பிள்ளைக்குச் சோறூட்டிக்கொண்டே ஒரு கையால் தள்ளித் தள்ளிப் படிப்பேன். "நாலாவது அத்தியாயத்திலேயே கொலையாளி யாருன்னு தெரிஞ்சுபோச்சு" என்று ஒருவர். அதற்கு நேர் கீழே, "கடைசி வரைக்கும் கண்டுபிடிக்க முடியல, செம" என்று இன்னொருவர். இரண்டில் எதை நம்புவது? நல்லதாக எழுதியவருக்கு என்மேல் இரக்கம் என்று நினைத்துக்கொள்வேன். கெட்டதாக எழுதியவர்தான் ஒழுங்காகப் படித்திருக்கிறார் என்று தோன்றும். "ஒரு தாய் இப்படிச் செய்வாளா? உங்களுக்குக் குழந்தை இருக்கிறதா?" என்று கேட்டிருந்த கருத்தைப் படித்த அன்று, பிள்ளையின் வாயைத் துடைக்கும்போது என் கையையே ஒருமுறை பார்த்துக்கொண்டேன்.

எல்லாவற்றையும்விட அதிகம் லைக் வாங்கியது எங்கள் ஊர்க்காரி ஒருத்தியின் கருத்து. "தண்ணி வர்ற அன்னிக்கு எந்தப் பொம்பளைக்குங்க கொலை பண்ண நேரம் இருக்கு? இவங்க வீட்ல போர் போட்டிருப்பாங்க போல." கதைக்கு விழுந்த லைக்கைவிட அதற்கு அதிகம். நான் யாருக்கும் பதில் எழுதாதவள், அன்றைக்கு மட்டும் எழுதினேன். "நேரமே இருக்காதுன்னு எல்லாரும் நினைக்கிறதாலதான் அவளை யாரும் சந்தேகப்படல. எங்க வீட்ல போர் இல்லை." அனுப்பிவிட்டு, அனுப்பியது சரியா என்று சாயங்காலம்வரை யோசித்தேன்.

மதுரையில் ஒரு சிறிய பதிப்பகம் அதைப் புத்தகமாகப் போட்டது. ஸ்ரீவில்லிபுத்தூரில் என் அம்மா வீட்டுக்குப் பக்கத்திலேயே வாசகர் வட்டம் கூடுகிற இடம். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் புத்தகத்தைப் பற்றிப் பேசப்போவதாகச் சொல்லி என்னையும் கூப்பிட்டார்கள். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்தேன். அம்மா பின்வரிசையில்.

ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர்தான் மைக்கை வாங்கியவர். "நடை நன்றாக இருக்கிறது. ஆனால் இந்த நாவல் சமூகத்துக்கு என்ன சொல்ல வருகிறது? கொலை செய்தவளை ஏன் தப்பவிட்டீர்கள்?" என்றார். அடுத்து பேசிய வங்கி ஊழியர், "சப்-இன்ஸ்பெக்டர் சந்தேகம் வந்தும் விட்டுட்டுப் போறது லாஜிக்கா இல்லீங்க" என்றார்.

பின்னாலிருந்து ஒரு பெண் குரல். "சார், லாஜிக் பாத்தா அந்தாளு மொத அத்தியாயத்துலயே செத்துருக்கணும்."

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. தமிழாசிரியரும் சிரித்தார். "அப்ப நீங்க எல்லாரும் அவளுக்குக் கூட்டாளியா?" என்று கேட்டார். "ஆமா சார், எங்களையும் சேத்து எழுதிக்கோங்க" என்றது அதே குரல். ஏற்புரைக்கு என்னைக் கூப்பிட்டபோது, பிள்ளை தூங்குகிறாள் என்று சைகை காட்டி உட்கார்ந்துகொண்டேன். அவள் தூங்கவில்லை. என் தாலிச் செயினைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போது அம்மா சொன்னாள், "ஏட்டி, அம்புட்டுப் பேரு பேசுறாக, எழுதுனவ நீ வாயத் தொறக்கல. சரின்னாச்சும் சொல்லணும், இல்ல முடியாதுன்னாச்சும் சொல்லணும்."

"சொல்லியிருப்பேன்மா."

"எப்ப, வீட்டுக்குப் போயா?"

கூட்டத்துப் படம் எப்படியோ எங்கள் சர்ச்சுப் பெண்களின் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்துவிட்டது. அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நாலைந்து பேர் அத்தையைச் சூழ்ந்துகொண்டார்கள். "ஒங்க மருமக ஒரு மாமனாரக் கொன்னுருக்காளாமே. பாத்து இருங்க, அடுத்தது மாமியாராம்" என்று ஒருத்தி சிரித்திருக்கிறாள். அத்தை வீட்டுக்கு வந்ததும் புத்தகத்தைக் கேட்டு வாங்கினார். அதன் பிறகு சில மதியங்கள் பிள்ளை என்னிடம் இருந்தாள். அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். நான் கொடியில் துணியைத் திரும்பத் திரும்பப் போட்டேன், காய்ந்ததையும் சேர்த்து.

படித்து முடித்துவிட்டு அடுப்படிக்கு வந்தார்.

"நல்லாத்தான் எழுதிருக்க. கீழ வைக்க முடியல."

எனக்குச் சிரிப்பு வரப் பார்த்தது.

"எம்மவள எதுக்கு இதுல இழுத்த?" என்றார்.

கணவரின் அக்கா, என் மதினி, வத்திராயிருப்பில் இருக்கிறார். தென்னந்தோப்பு வைத்திருக்கிறார்கள். கல்யாணமாகி வெகுகாலமாகிறது. பிள்ளை இல்லை. நான் மதினியை எழுதவில்லை. கதையில் வருகிற மூத்தவள் வேறு மாதிரி, எப்போதும் சன்னலில் நின்று அழுகிறவள். அதைத்தான் சொன்னேன்.

"பிள்ள பொறந்து ஆஸ்பத்திரியில இருந்து வந்தன்னிக்கு நான் என்ன சொன்னேன், நெனப்பு இருக்கா?" என்று கேட்டார் அத்தை.

இருந்தது. பிள்ளையைக் கையில் வாங்கி ஆட்டிக்கொண்டே, "இவள மூத்தவட்டயே குடுத்துருவோமா? நீ இன்னொண்ணு பெத்துக்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மதினியும் சிரித்தார். தையல் வலிக்க நானும் சிரித்தேன். எங்கள் பக்கத்தில் ஒருத்திக்குப் பிறந்து, கூடப் பிறந்தவளுக்கு இல்லையென்றால், இந்தப் பேச்சை யாராவது ஒருவர் பேசாமல் இருக்க மாட்டார்கள். பேசினால் சிரித்துவிட வேண்டும், அதுதான் வழக்கம். அதை நான் மறந்துவிட்டதாகத்தான் நினைத்திருந்தேன். எழுதும்போது அந்த நினைப்பே வரவில்லை என்று சத்தியம் செய்வேன். ஆனால் அன்றைக்குப் பிள்ளையை மடியிலிருந்து இறக்கவே இல்லை என்பதும் ஞாபகம் வருகிறது.

"வெளையாட்டுக்குச் சொன்னதுக்கு ஒரு ஆளையே கொன்னுட்டியே ஏட்டி" என்றார் அத்தை. குரல் உயரவில்லை. "கொன்னது கெடக்கட்டும். அவளப் பிடிச்சுக் குடுத்துரு. அம்புட்டுத்தான் கேக்கேன். இல்லன்னா எம்மவ பேராசக்காரி மாதிரியும், கொன்னவ ஞாயக்காரி மாதிரியும்ல இருக்கு. சர்ச்சுல அத்தன பேரும் படிக்காக."

"மாத்தலன்னா அத்தை?"

"மாத்தலன்னா மத்தியானம் பிள்ளைய நான் பாக்கல. எம் மடியில அவளப் போட்டுட்டு நீ போயி இத எழுதுவ, நான் தட்டிக் குடுத்துட்டு இருக்கணுமாக்கும்."

அவர் கேட்டதில் நியாயம் இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. இன்றும் முடியாது.

அந்த வாரமே பதிப்பகத்திலிருந்து போன். முதல் அச்சு தீரப்போகிறது, திருத்தம் இருந்தால் உடனே அனுப்புங்கள் என்றார்கள். முடிவை மாற்றினால் நல்லது என்றும் சொன்னார்கள், பள்ளி நூலகங்களில் கேட்டுப் பார்க்கலாமாம். கணவரிடம் சொன்னேன். அவர் புத்தகத்தைப் படித்துவிட்டு மோட்டார் வயரிங் விவரத்தைப் பாராட்டிய ஒரே வாசகர்.

"மாத்திட்டுப் போயேன். அம்மாவும் சமாதானம் ஆயிருவாங்க, புக்கும் போகும். கதைதான?" என்றார்.

கதைதானே. சொன்னதைக் கேட்கிற பிள்ளையாகத்தான் நான் வளர்ந்தேன். உட்கார்ந்து மாற்றி எழுதினேன். சப்-இன்ஸ்பெக்டர் தெருமுனையிலிருந்து திரும்பி வருகிறார். ஒரு கேள்வி கேட்கிறார். அவள் மறைக்காமல் ஒத்துக்கொள்கிறாள். நன்றாகவே வந்தது. தமிழாசிரியர் மெச்சியிருப்பார். ஆனால் ஜீப்பில் ஏறும் முன் இடுப்பில் இருக்கிற பிள்ளையை அவள் யாரிடமாவது கொடுத்தாக வேண்டும். அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று தேடினேன். புருஷன் திருப்பூரில். மாமியார் படுத்த படுக்கை. அப்பாவின் துஷ்டிக்கு வந்து நிற்கிற மூத்த மகள்தான் மிச்சம். என் கையாலேயே பிள்ளையை எடுத்து அவளிடம் கொடுத்தேன். அந்தப் பெரியவர் உயிரோடு இருந்து என்ன செய்ய நினைத்தாரோ, அதைச் சட்டத்தின் பெயரால் நானே செய்து முடித்தேன்.

வேறு வழிகள் இருந்தன. பாட்டி ஒருத்தியைப் புதிதாகக் கொண்டுவரலாம், புருஷனை வரவழைக்கலாம், பிள்ளையோடு சிறைக்கு அனுப்பலாம். எல்லாம் யோசித்தேன். யோசிக்க யோசிக்க எனக்குக் கோபம்தான் வந்தது. அவளுக்குத் தண்டனை கேட்ட ஒருவர்கூட, பிள்ளை எங்கே போகும் என்று கேட்கவில்லை. ஆப்பில் நட்சத்திரம் குறைத்தவர்கள் கேட்கவில்லை. லாஜிக் பார்த்தவர் கேட்கவில்லை. பெரியவர் செய்தது அநியாயம் என்று மட்டும் எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். மாற்றி எழுதியதை அழித்தேன். ஒருமுறை அழித்துவிட்டு, செல்போனின் குப்பைத்தொட்டிக்குள் போயிருக்கும் என்று அங்கேயும் போய் அழித்தேன்.

அதற்குள் மதினியிடமிருந்து போன் வந்துவிட்டது. 

"அம்மா என்னமோ ஆடுதாளே, என்னன்னு நானும் வாங்கிப் படிச்சேன்" என்றார்.

"மன்னிச்சிருங்க மதினி. உங்கள நெனச்சு..."

"மன்னிப்பு கெடக்கட்டும், இத மொதல்ல சொல்லு. அந்த மூத்தவ ஏன் எப்பப் பாத்தாலும் சன்னல்ல நின்னு அழுதுக்கிட்டே இருக்கா? பிள்ள இல்லாதவளுக்கு வேற சோலியே கெடையாதா? இங்க தேங்கா வெட்டு அன்னிக்கு எனக்குச் சாப்பிட நேரமில்ல. சன்னல்ல நிக்கவாம்."

மதினி நிறுத்தவில்லை.

"ஒனக்கு அந்தப் பிள்ள வேணுமான்னு அவட்ட யாராச்சும் கேட்டாகளா? அவ அப்பனும் கேக்கல. நீயும் கேக்கல. எல்லாருமாச் சேந்து அவ தலையில ஒரு பிள்ளையக் கெட்டுதிய."

"முடிவு எப்படி இருந்துச்சு மதினி?"

"முடிவுக்கு என்ன? போலீசு வந்தா வருது, போனாப் போவுது. அவளுக்கு ஒரு வாய்ப் பேச்சுக் குடு. அம்புட்டுத்தான்."

அத்தனை வாசகர்களிலும் என்னைக் கூசச் செய்தது அந்தக் கருத்துதான். மற்றவர்கள் நான் வேண்டுமென்றே செய்ததைக் குறை சொன்னார்கள். மதினி நான் கவனிக்காமலே செய்ததைச் சொன்னார். மூத்தவள் வருகிற பக்கங்களை எடுத்துத் திருத்தினேன். சன்னலிலிருந்து இறக்கி அவளுக்கு ஒரு தையல் கடை வைத்துக் கொடுத்தேன். அப்பாவிடம், "எனக்குக் குடுக்கணும்னா மொதல்ல எங்கிட்ட கேளுங்க" என்று அவள் பேசுகிறாள். முடிவில் ஒரு எழுத்தைக்கூடத் தொடவில்லை. பதிப்பகத்துக்கு அனுப்பிவிட்டேன். அத்தையிடம் சொல்வதுதான் பாக்கி. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே வந்தேன்.

தண்ணீர் வருகிற நாள் வந்தது. தெருவில் எல்லா மோட்டாரும் ஓடிக்கொண்டிருந்தன. அத்தை வாசல்படியில் பிள்ளையை வைத்துக்கொண்டு நின்றார். நான் ஹோஸைப் பிடித்திருந்தேன்.

"ஏம்மா எழுத்தாளரே, எங்க மோட்டார்ப் பக்கம் வந்துராத" என்று கத்தினார் எதிர்வீட்டு அக்கா.

"எங்க வீட்டுக்காரர நான் இன்னிக்கு மோட்டாரத் தொடவே விடல. குடம் தூக்க ஆளு வேணும்ல" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

"ஆனா ஒண்ணு, அவளப் போலீசு கூட்டிட்டுப் போயிருந்தா அந்த வீட்டுக்கு யாரு தண்ணி பிடிப்பா? அத யோசிக்கணும்ல."

"பிடிச்சிருக்கணும்ங்கேன் நானு. இப்படி விட்டா நாளைக்கு ஆளாளுக்குக் கெளம்பிருவாளுக."

"நீ எப்பக் கெளம்புத?"

சிரித்தார்கள். அத்தை சிரிக்கவில்லை. இதற்குமேல் தள்ள முடியாது என்று தோன்றியது. பக்கத்தில் போய், "மதினி சொன்னத எல்லாம் திருத்திட்டேன் அத்தை. முடிவ மாத்தல" என்றேன்.

"என்ன?" என்றார். மோட்டார் இரைச்சலில் கேட்கவில்லை.

"முடிவ மாத்தல."

"மாத்துவியா?"

"மாத்த மாட்டேன்."

"கேக்கல. என்ன சொல்லுத?"

"மாத்த மாட்டேன் அத்தை" என்று கத்தினேன். அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டு மோட்டாரை நிறுத்தியிருந்தார்கள். பெரியவர்களிடம் நான் முதன்முதலாக முடியாது என்று சொன்னதை, தெருவே கேட்டது. யாரும் சிரிக்கவில்லை. ஹோஸிலிருந்து தண்ணீர் என் காலில் ஓடிக்கொண்டிருந்தது.

அத்தை பிள்ளையைக் கொண்டுவந்து என் இடுப்பில் வைத்தார். என் கையிலிருந்த ஹோஸை வாங்கி அடுத்த டிரம்மில் போட்டார். "அப்பச் சரி" என்றார்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவர். பிள்ளையைக் குளிப்பாட்டுகிறார், ஊட்டுகிறார், சாயங்காலம் தூக்கிக்கொண்டு தெருவில் நடக்கிறார். என்னோடும் பேசுகிறார், குழம்புக்கு உப்புப் போட்டாயா என்று கேட்கிறார். மதியம் மட்டும் தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிடுகிறார். "கொஞ்ச நாள்ல சரியாயிரும்" என்கிறார் கணவர். அவருக்கு ஷிஃப்ட். சனிக்கிழமை பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அம்மாவிடம் போய்ப் பார்த்தேன். அம்மாவுக்கு முழங்கால் வலி, அவளால் பிள்ளையின் பின்னால் ஓட முடியவில்லை. நான் எழுதினதைவிட பஸ்ஸில் போய்வந்த நேரம்தான் அதிகம்.

இரண்டாம் அச்சு வந்துவிட்டது. மூத்தவளைப் பிடித்திருப்பதாகச் சிலர் எழுதுகிறார்கள். குற்றத்துக்கு வக்காலத்து வாங்குகிற புத்தகம் என்று ஒருவர் நீளமாக எழுதியிருக்கிறார். தாய்மையைக் கேவலப்படுத்திவிட்டேனாம்.  அவர்கள் சொல்வது சரியாக இருந்துவிடுமோ என்று தோன்றுகிறது. தோன்றட்டும். பிடிக்கவில்லை என்று சொல்ல அவர்களுக்கு எவ்வளவு உரிமை உண்டோ, அவ்வளவு உரிமை எனக்கும் அவளை வீட்டுக்குள் அனுப்பிக் கதவைச் சாத்த உண்டு. அவளை நான் யாரிடமும் பிடித்துக் கொடுக்கப்போவதில்லை.

ஆனால் அடுத்த நாவல் தொடக்கத்திலேயே நிற்கிறது. இதைப் படிக்கிறவர்களில் சின்னப் பிள்ளையை வைத்துக்கொண்டு எழுதுகிறவர்கள், தைக்கிறவர்கள், பரீட்சைக்குப் படிக்கிறவர்கள் இருப்பீர்கள். உங்களிடம் யோசனை கேட்கத்தான் இவ்வளவையும் சொன்னேன். என் மகளுக்கு இரண்டரை வயது. மதியத் தூக்கத்தை விட்டுவிட்டாள். செல்போனை எடுத்தால் பிடுங்குகிறாள். டி.வி. போட்டு உட்காரவைத்துவிட்டு எழுதலாமா, அது தப்பா? அவள் விழிக்கும் முன் எழுந்து எழுதினால் பகலெல்லாம் அவளிடம் எரிந்துவிழாமல் இருக்க முடிகிறதா? அத்தையின் அறைக் கதவைத் தட்டி ஒருமுறை நானே கேட்டுப் பார்க்கட்டுமா, இல்லை, அவராகத் திறக்கும்வரை விட்டுவிடுவதுதான் மரியாதையா? நீங்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று சொல்லுங்கள்.